ஈரம் பன்னிரண்டரை

காலை ஐந்தே முக்காலுக்கு முதல் லாரி.
எடைமேடை ஒருமுறை முனகி அடங்கும்.
நான் ஏணியேறி
நீளக் குழாயைக் கோதுமைக்குள் இறக்குவேன்:
நடுவில் ஒன்று, மூலைக்கு ஒன்று.
புரதம், பதர், ஈரம்.
ஈரம் பன்னிரண்டரையைத் தாண்டினால்
லாரி வந்த வழியே திரும்ப வேண்டும்.
என் வேலை அவ்வளவுதான்.
யாருக்கு விற்பது என்பது
போன வருஷம்வரை
இங்கே எவருடைய வேலையும் இல்லை.

எங்கள் அப்பாக்கள் காலத்திலிருந்து
கப்பலேறும் கோதுமைக்கு ஒரே வாசல்.
வாரியம் வாங்கும், வாரியம் விற்கும்.
எல்லார் மணியும் ஒரே கணக்கில் கலக்கும்.
பணம் தவணை தவணையாக வந்து
கடைசித் தவணை கைக்கு எட்டும்போது
அடுத்த பயிர் முழங்காலுக்கு நிற்கும்.
திட்டுவதற்கு ஒரே முகவரி இருந்தது.
அது ஒரு வசதி.

ஆகஸ்டில், கால்பந்துச் சங்கக் கொட்டகையில் கூட்டம்.
கான்பராவிலிருந்து வந்த இளைஞன்
திரையில் அம்புக்குறிகளை ஓடவிட்டு
"இனி உங்கள் விளைச்சல் உங்கள் கையில்" என்றான்.
ஹெட்லி பிரைம்ரோஸ் எழுந்து நின்று கைதட்டினார்,
பாதியில், தான் மட்டும்தான் என்று தெரிந்தும்
நிறுத்தாமல்.
நோரீன் ஸ்டாக்கர் கேட்டாள்:
"கப்பல்? அதுவும் என் கையிலா?"
சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
டக்கெட் சகோதரர்கள்
அமைச்சருக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதியிருந்தார்கள்,
அண்ணன் வேண்டாமென்று, தம்பி வேண்டுமென்று.
ஒரே உறை வாங்கும் கடை, ஒரே தபால் பெட்டி.
அறுவடை இயந்திரமும் இருவருக்கும் ஒன்றே என்பதால்
நவம்பரில் பேசித்தான் ஆகவேண்டும்.
பின்வரிசையில் மிர்கோ பாபிச்
கேட்க நினைத்ததைக் கேட்காமல்
நான்காவது கேக் துண்டை எடுத்தார்.

என் கணவர் லைல் வேண்டும் பக்கம்.
"குழந்தையா நான்,
கைச்செலவுக்குக் காசு எண்ணித் தர?"
நான் எந்தப் பக்கமும் சொல்லவில்லை.
சம்பளம் வாங்கும் இடத்தில் பேசுவதில்லை,
சோறு போடும் இடத்தில் பேசி முடிவதில்லை.

இப்போது எடைமேடைச் சுவரில் வெள்ளைப் பலகை.
ஏழு வியாபாரிகள், ஏழு விலை.
பத்து மணிக்கு ஒருவன் அழித்து எழுதுவான்.
லாரிகள் வரிசையில் நின்றபடியே
ஓட்டுநர் இருக்கைகளில் ஏழு விதமாக மௌனம்.
ஹெட்லி கைப்பேசியை வானத்துக்கு நீட்டி
சிக்னல் தேடுகிறார்.
மிர்கோ கண்ணாடியை இறக்கி மெதுவாகக் கேட்டார்:
"நீயாயிருந்தால் யாருக்குக் கொடுப்பாய்?"
"எனக்குச் சொல்ல அனுமதி இல்லை."
"அது தெரியும். தெரிந்துதான் கேட்டேன்."
கீழே சிந்திய மணிகளை
இளஞ்சிவப்புக் கிளிகள் பொறுக்குகின்றன.
வாரியம் இருந்தபோதும் பொறுக்கின.

வியாழக்கிழமை எங்கள் லாரி.
லைல் பல்லைக் காட்டினார், நான் குழாயை இறக்கினேன்.
பன்னிரண்டு புள்ளி ஆறு.
மறுபடி எடுத்தேன். மூன்றாம் முறையும்.
ஆறு ஆறாகவே நின்றது.
பின்னால் பதினொரு லாரி, பதினொரு ஜோடிக் கண்.
"திருப்பு" என்றேன்.
கணவரிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

மதிய வெயிலில் மணி காய்ந்தது.
இரண்டரைக்குத் திரும்ப வந்தபோது
பலகையில் டன்னுக்குப் பதினான்கு டாலர் இறங்கியிருந்தது.
பழைய கணக்கில்
காலை வியாழனும் மாலை வியாழனும் ஒன்று.
"ஏறியும் இருக்கலாம்" என்றார்.
ஏறியும் இருக்கலாம்தான்.
கையெழுத்துப் போட்ட பேனாவை
திருப்பித் தர மறந்து போனார்.

இரவு இரண்டு மணி.
சிகாகோவில் நடுப்பகல்.
போர்வைக்குள் அவர் முகம்
நீல வெளிச்சத்தில் தெரிகிறது.
விற்றாகிவிட்டது, இனி எதற்குப் பார்க்கிறார்
என்று கேட்க வாயெடுத்தேன்.
"ஆறா?" என்றார் இருட்டில்.
"ஆறுதான்."
வெளிச்சம் அணைந்தது.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எரிந்தது.